இமையோரத்து எண்ணெய்

இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சிறு சடங்கு நடக்கும். கூடத்துப் பிரம்பு நாற்காலியில் அப்பா தலையைப் பின்னுக்குச் சாய்த்து அமர்வார். எங்களில் ஒருவர் அவருடைய கீழ் இமையைச் சற்றே இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு மருந்தை விடுவோம். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பார். தொலைக்காட்சி அப்போது அணைந்திருக்கும். இவ்வளவுதான் சடங்கு. இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு எங்களுக்கு ஐந்து ஆண்டுகளும், அப்பாவின் இடக்கண் பார்வையில் ஒரு பகுதியும் செலவாயின.

நாங்கள் என்பது அக்காளும் தம்பியும். இதை எழுதும் கை தம்பியுடையது. மதுரையை அடுத்த ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் கை. ஆயினும் இதில் வரும் பிழைகளும் வருத்தங்களும் இருவருக்கும் பொதுவானவை என்பதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

அப்பா அச்சுக்கோப்பவராக இருந்தவர். கேஸின் சிறு சிறு அறைகளிலிருந்து ஈய எழுத்துக்களைப் பார்க்காமலே எடுத்து ஸ்டிக்கில் அடுக்குவார். அடுக்கியதைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வாசிப்பார். கைக்கோப்பு அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு சிற்றிதழ்களுக்கு மெய்ப்புத் திருத்தினார். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் எங்கள் துறைப் பேராசிரியர்களைக் காட்டிலும் அவருக்குத் திடம் அதிகம். கண்ணால் உண்டு வாழ்ந்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

2016இல் புதிய கண்ணாடி வாங்குவதற்காகப் பரிசோதனைக்குச் சென்றபோதுதான் அந்தச் செய்தி கிடைத்தது. கண்ணின் உள்ளழுத்தம் ஒரு கண்ணில் 28, மற்றதில் 30. சாதாரணமாக அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கலாம். கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன, மடிந்தவை மீள்வதில்லை, இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே மருத்துவத்தால் முடியும் என்றார்கள். அப்பாவுக்கு இதில் எதுவும் நம்பத் தகுந்ததாகப் படவில்லை. “வலி இல்ல, எரிச்சல் இல்ல, எழுத்து எல்லாம் தெரியுது. இதென்ன நோய்?” என்று பேருந்தில் கேட்டபடியே வந்தார். நோயின் கொடுமையே அந்தக் கேள்வியில் இருந்தது என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

லட்டானோபுரோஸ்ட் என்னும் சொட்டு மருந்து; இரவுக்கு ஒரு முறை; ஆயுள் முழுவதும். இந்த நோய்க்கு 1870களில் பைலோகார்ப்பின் வந்தது; நாளொன்றுக்கு நான்கு முறை விட வேண்டும். 1978இல் டிமோலால் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு இரண்டு முறை. 1996இல் அங்கே ஒப்புதல் பெற்ற லட்டானோபுரோஸ்டுக்கு இரவில் ஒரே சொட்டு போதும். அழுத்தத்தைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்துவிடும். புரோஸ்டகிளாண்டின் என்னும் இயற்கைப் பொருளை ஒத்த மருந்து வகையில் அது ஒன்று. உலகெங்கும் எத்தனையோ பேர் கண்ணிழக்காமல் இருப்பதற்கு இவ்வகை மருந்துகளே காரணம். இனிச் சொல்லப்போவதைப் படிக்கும் நண்பர்கள் இந்த வாக்கியத்தை மறவாதிருக்க வேண்டுகிறோம். அப்பாவுக்கும் மூன்றே மாதத்தில் அழுத்தம் 17க்கு இறங்கியது.

*

இரண்டு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. முதலில் மாறியது இமைமயிர். அப்பாவின் இமைமயிர்கள் நீண்டு கருத்து அடர்ந்தன. “தாத்தா மை போட்டிருக்காரு” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இது இம்மருந்து வகையின் அறியப்பட்ட விளைவு. இதே வகையைச் சேர்ந்த பைமட்டோபுரோஸ்ட் 2008இல் அமெரிக்காவில் இமைமயிர் வளர்க்கும் மருந்தாகவே ஒப்புதல் பெற்றது. அடுத்து மேலிமைக்கு மேலே ஒரு குழி விழுந்தது. முதுமை என்று எண்ணிக்கொண்டோம். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பை இம்மருந்து கரைப்பதுண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

பிறகு எரிச்சல் வந்தது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மணல் விழுந்தாற்போல உறுத்தும். இமையோரம் சிவந்து தடித்திருக்கும். மெய்ப்புத் தாளை எடுத்து அரைப்பக்கம் போவதற்குள் எழுத்துக்கள் மங்கும், நாலைந்து முறை இமைத்தால் தெளியும், மறுபடி மங்கும். காற்றுப் பட்டால் கண்ணீர் கன்னத்தில் வழியும்.

மருத்துவமனையில் சொல்லாமல் இல்லை. மும்மாதத்துக்கு ஒருமுறை சென்ற இடத்தில் அழுத்தத்தை அளந்தார்கள். 16, 17 என்று எழுதினார்கள். “நன்றாக இருக்கிறது, தொடருங்கள்” என்றார்கள். எரிகிறது என்று அப்பா சொன்னபோது செயற்கைக் கண்ணீர்ப் புட்டி ஒன்றை எழுதித் தந்தார்கள். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. இமையைப் புரட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது, பார்க்கத் தெரியவில்லை. “வயசானா அப்படித்தான் இருக்கும்பா” என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலைகளுக்குத் திரும்பினோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மருத்துவமனைப் பயணம் நின்றது. மருந்து மட்டும் தெருமுனைக் கடையிலிருந்து மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் குளிர்பதனப் பெட்டியைத் துடைத்த அக்காள், கதவுத் தட்டின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டாள். அதனுள் பிரிக்கப்படாத சொட்டு மருந்துப் புட்டிகள் ஏழு. மாதம் ஒன்றாக வாங்கிக் கொடுத்தவை.

“என்னப்பா இது?”

அப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “மருந்த விட்ட பெறகு கண்ணு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமாம்மா? செவப்பு இல்ல, எரிச்சல் இல்ல. நான் பாட்டுக்குப் படிக்கிறேன். கண்ணக் கெடுத்ததே அந்த மருந்துதான்” என்றார்.

தொண்டை அடைக்கக் கோபம் வந்தது எங்களுக்கு. அவரிடம் அன்று பேசிய சொற்கள் இங்கே எழுதத் தக்கவை அல்ல. மறுவாரம் பரிசோதனையில் அழுத்தம் 27. பார்வைப்புலச் சோதனைப் படத்தில், இடக்கண்ணின் கீழ்ப்பகுதியில் மூக்கை ஒட்டி முன்பே இருந்த சிறு கறை, பிறை போல வளைந்து நீண்டிருந்தது. அப்பாவுக்கோ அது தெரியவே இல்லை. ஒரு கண் விட்டதை மறு கண் நிரப்பிவிடும். இரண்டும் விட்டதை மூளை ஊகித்து நிரப்பிவிடும். எட்டு மாதங்களில் அவர் இழந்த பகுதியை அவர் இழந்ததாகவே உணரவில்லை. அவர் உணர்ந்தது எரிச்சல் நின்றதை மட்டும்.

வலிக்காத நோய், எரியும் மருந்து. இரண்டில் எதை உடம்பு பகையென்று எண்ணும்?

*

பிறகுதான் வேறொரு மருத்துவரிடம் சென்றோம். நடுவயதுப் பெண்மணி. அழுத்தத்தை அளந்த பிறகு அவர் கருவியை அப்பாவின் கருவிழியை விட்டு இமை விளிம்புக்கு நகர்த்தினார். கீழிமையை விரல் நுனியால் மெல்ல அழுத்தி, திரையில் எங்களைப் பார்க்கச் சொன்னார். இமைமயிர் வரிசைக்குச் சற்று உட்புறமாக ஊசிமுனை அளவில் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அழுத்தியபோது அவற்றுள் சிலவற்றிலிருந்து பற்பசை போல வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. பலவற்றிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

“ஐயா, இங்கிருந்து சமையல் எண்ணெய் மாதிரி தெளிவா வரணும்” என்றார் மருத்துவர்.

எங்கள் கல்வியில் கண்ணீர் என்றால் உப்புநீர். கண்ணீரின் மேலே எண்ணெய் மிதக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. விழியை ஒட்டிச் சளித்தன்மையுள்ள ஒரு பொருள், அதன்மேல் நீர், அந்நீர் காற்றில் ஆவியாகிவிடாமல் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். மூன்றும் சேர்ந்ததே கண்ணின் ஈரம். எண்ணெயைத் தருபவை இமையின் உள்ளே நெடுக்காக நிற்கும் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. 1666இல் ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விரித்து எழுதினார். அவர் பெயராலேயே மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைத்தசை இவற்றைச் சிறிது பிழிகிறது; எண்ணெய் விளிம்புக்கு வந்து விழியெங்கும் பரவுகிறது. இமைப்பதென்பது கண்ணுக்கு எண்ணெய் இடுவது. தேவர்களுக்கு இமையவர் என்று பெயர், இமையாதவர்கள் என்பதால். மனிதருக்கு அந்த வசதி இல்லை.

சொட்டு மருந்து இச்சுரப்பிகளை எப்படித் தொடுகிறது? இரு வழிகளை மருத்துவர் சொன்னார்.

முதலாவது, மருந்தோடு புட்டியில் இருக்கும் பதனப்பொருள். திறந்த புட்டியில் கிருமி வளராதிருக்க, பெரும்பாலான கண் மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. அது சவர்க்காரத்தின் குணமுள்ளது. கிருமியின் கொழுப்புறையைக் கரைத்துக் கொல்கிறது. கொழுப்பைக் கரைக்கும் பொருளுக்குக் கிருமியின் கொழுப்பு, கண்ணீரின் கொழுப்பு என்ற பேதம் தெரியாது. எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கிறது. விழிப்பரப்பின் செல்களையும், சளிப்பொருள் தரும் செல்களையும் புண்படுத்துகிறது. நாள்பட்ட அழற்சியை மூட்டுகிறது. பத்து நாள் போடும் மருந்தில் அது பொருட்டல்ல. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் என்றால், அதுவும் இரண்டு மூன்று மருந்துகள் என்றால், சேர்ந்துகொண்டே போகிறது. எங்களுக்கு எழுதித் தந்த செயற்கைக் கண்ணீரிலும் அதே பதனப்பொருள்தான் இருந்தது! எரிச்சலுக்கென்று நாளுக்கு நான்கு முறை அதைத்தான் விட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, மருந்தே. புரோஸ்டகிளாண்டின்கள் உடம்பில் அழற்சியோடு தொடர்புள்ளவை. இவ்வகைச் சொட்டுகளை நெடுங்காலம் இடுவோரின் இமை விளிம்பு தடித்துச் சிவக்கிறது. சுரப்பியின் வாய் தோல்செதிலால் அடைபடுகிறது. உள்ளே எண்ணெய் இறுகுகிறது. வெளியேற வழியற்ற சுரப்பி காலப்போக்கில் சுருங்கி மறைகிறது. அழுத்தச் சொட்டு மருந்துகளை நீண்டகாலம் இட்டவர்களின் சுரப்பிகளில் இத்தகைய சிதைவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினர். 2016இல் வெளிவந்த துருக்கி நாட்டு ஆய்வொன்றில், புரோஸ்டகிளாண்டின் வகை இட்டவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், பிற அழுத்த மருந்துகள் இட்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் இச்சுரப்பிக் கோளாறு காணப்பட்டது. பிற மருந்துகளும் முற்றிலும் குற்றமற்றவை அல்ல என்பதையும் அந்த இரண்டாவது எண் காட்டுகிறது. வயதும் தன் பங்கைச் செய்கிறது. எழுபதில் யாருடைய சுரப்பியும் இருபதில் இருந்தது போல இராது. அப்பாவின் கண்ணில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. மூன்றும் கூடித்தான் செய்தன.

அகச்சிவப்பு ஒளியில் இமையைப் படமெடுத்துக் காட்டினார் மருத்துவர். வெள்ளை வெள்ளையாக நெடுங்கோடுகள் நிற்க வேண்டிய இடத்தில் சில கோடுகள் பாதியில் நின்றன. சில இடங்கள் வெறுமையாக இருந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார். “கேஸுல எழுத்து தீர்ந்துபோன மாதிரி இருக்கு டாக்டரம்மா” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “அப்ப நான் எரியுதுன்னு சொன்னது பொய் இல்லையே?” என்று கேட்டார்.

“பொய் இல்லைங்கய்யா. நீங்க சொன்னது உண்மை. மருந்த நிறுத்தினது மட்டும்தான் தப்பு” என்றார் அவர்.

அந்த இரண்டு வாக்கியங்களையும் எங்களில் யாரேனும் 2019இலேயே சொல்லியிருந்தால் அந்த ஏழு புட்டிகள் பெட்டிக்குள் ஒளிந்திருக்க மாட்டா என்று இன்றும் எண்ணுகிறோம்.

*

வைத்தியம் எளிமையாகத்தான் இருந்தது. புட்டி மருந்துக்குப் பதிலாகப் பதனப்பொருள் இல்லாத, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குமிழ்கள். விலை கூடுதல், எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அழுத்தத்தைக் குறைக்க லேசர் முறையும் உண்டு. இங்கிலாந்தில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முதல் சிகிச்சையாக லேசர் பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் மூன்றாண்டுகள் வரை சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தனர். எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்று கேட்கவாவது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு லேசரும் செய்தார்கள். ஆனாலும் இரவுச் சொட்டு ஒன்று தேவைப்பட்டது.

இமைக்கு ஒத்தடம். காலையும் மாலையும் வெதுவெதுப்பான துணியை மூடிய கண்கள்மேல் பத்து நிமிடம் வைப்பது. சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும், சுட்டுவிடக் கூடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்கிறோமே, அதே கதைதான். இறுகிய எண்ணெய் இளகும். பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெல்ல நீவிவிட வேண்டும். இமையோரத்துச் செதிலைச் சுத்தமான ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும். சிறுவயதில் எங்களுக்குக் கண்கட்டி வந்தபோது ஆச்சி விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து இமைமேல் ஒற்றுவாள். மெய்போமை அறியாமலே அவள் செய்தது அதுதான்.

சொட்டு விடுவதிலும் பிழை செய்திருந்தோம். சரியாக விழுந்ததா என்ற ஐயத்தில் இரண்டு மூன்று சொட்டு விடுவோம். கண்ணில் ஒரு சொட்டுக்குக்கூட முழுமையாக இடமில்லை. மிகுதியெல்லாம் இமையிலும் கன்னத்திலும்தான் வழிகிறது. ஒரு சொட்டு, வழிந்ததை உடனே துடைப்பது, கண்ணோரத்தை அழுத்திப் பிடித்து மருந்து மூக்குக்குள் இறங்காமல் தடுப்பது, இரண்டு மருந்துகளானால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளை முதல்நாளே யாரும் எங்களுக்குத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாலைந்து மாதங்களில் சிவப்பு தணிந்தது. மறைந்த சுரப்பிகள் திரும்பவில்லை. பிறைபோல் போன பார்வையும் திரும்பவில்லை. இருப்பவை இருக்கின்றன.

*

திருக்குறளின் 118ஆம் அதிகாரமான கண்விதுப்பழிதலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துவதுண்டு. பிரிவில் வாடும் தலைவியின் கண்கள் நீர் சொரிவதைப் பற்றிய அதிகாரம். கண்ணீரைக் கண்டால் உள்ளே துயரம் இருக்கிறது என்று வாசிக்கப் பழகியவர்கள் நாங்கள். அப்பாவின் கன்னத்தில் வழிந்த நீரையோ வயது என்று வாசித்தோம். எண்ணெய் இன்றிக் கண் உலர்கிறது, உலர்ந்த கண் அலறி நீரைக் கேட்கிறது, நீர் கொட்டுகிறது, எண்ணெய் இல்லாத நீர் தங்காமல் வழிந்தோடுகிறது. வழியும் கண்ணீர் வறட்சியின் அடையாளம் என்று எந்த உரையாசிரியரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த நோய் குடும்ப வழியில் தொடர்வதுண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் நமக்கும் வாய்ப்பு கூடுகிறது. நாற்பது கடந்த நாங்கள் இருவரும் சோதித்துக்கொண்டோம். அக்காளுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு அழுத்தம் 22; நரம்பு இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆண்டுதோறும் வர வேண்டும் என்றார்கள். ஒருநாள் இந்தக் கண்ணுக்கும் அந்தச் சொட்டு வரலாம். வந்தால் விட்டுக்கொள்வோம். எரிந்தால் எரிகிறது என்று சொல்வோம். அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தால், இமையையும் ஒருமுறை பாருங்கள் என்போம். சொல்லாமல் நிறுத்த மாட்டோம்.

உங்கள் வீட்டிலும் இரவு ஒன்பதரைக்குத் தலையைச் சாய்த்து அமரும் ஒருவர் இருக்கக்கூடும். மருந்து விட்டாயிற்றா என்று மட்டும் கேட்காதீர்கள். எரிகிறதா என்றும் கேளுங்கள். எரிகிறது என்றால் கோபிக்காதீர்கள்.

இக்கட்டுரையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து நேற்று அப்பாவிடம் கொடுத்தோம். பென்சிலோடு உட்கார்ந்தார். இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருந்ததைச் சுழித்துக் காட்டினார். புட்டிகள் ஏழு என்ற இடத்தில் சற்று நின்றார். அடித்துவிடுவாரோ என்று பார்த்தோம். ஒன்றும் செய்யாமல் பக்கத்தைப் புரட்டினார். ஒன்பதரை ஆனது. ஒத்தடம் முடிந்து, சொட்டு விட்டு, கண்ணோரத்தை அழுத்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம்.

“எரியலை” என்றார்.